செண்பகவல்லிப் பள்ளம்

ஒன்பதரை மணிக்குள் மூன்று பேருக்குக் காரணம் எழுதி முடித்துவிட்டாள் செண்பகவல்லி. காரணம் எழுதுவதெல்லாம் ஓர் உத்தியோகமா என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய சொந்த அம்மாவுக்கே அது கடைசிவரை விளங்கவில்லை. "பெரியாஸ்பத்திரியில ஈசிஜி எடுத்துக்கிட்டு இருந்தா, இப்பம் ஏதோ கம்பெனியில எழுத்து வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள் அந்த மனுஷி.

விஷயம் இதுதான். பஸ் ஓட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், பாய்லர் பக்கத்தில் நிற்கிறவர், இப்படி யார் மயங்கி விழுந்தால் அடுத்தவன் உயிர் போகுமோ அவர்கள் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சில் வயர் ஒட்டிக்கொண்டு பத்து விநாடி படுக்க வேண்டும் என்று சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பத்து விநாடிக் கோட்டை 'உயிர்க்கோடு' என்ற கம்பெனியின் மெஷின் பார்க்கும். பச்சை விழுந்தால் வண்டியை எடுக்கலாம். சிவப்பு விழுந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போகலாம். எதை வைத்துச் சிவப்பு போடுகிறது என்று கேட்டால் அதைச் செய்தவர்களே கையை விரித்தார்கள். லட்சக்கணக்கான கோடுகளைக் காட்டி, இதில் இன்னின்னார் செத்துப்போனார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது எதையோ பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய டாக்டர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அந்த ஏதோ ஒன்று மட்டும் அகப்படவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்து பாய்லர் ஆப்பரேட்டர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். "என் வேலைய எடுத்துக்கோங்க, ஏன்னு சொல்லிட்டு எடுங்க" என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. கோர்ட்டும் அவர் பக்கம் நின்றது. மனிதக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரணத்தை, கோடு படிக்கத் தெரிந்த ஒரு மனிதர், எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சிவப்பு செல்லும் என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். நல்ல தீர்ப்பு வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே கம்பெனியும் செய்தது. காரணம் எழுத ஆள் போட்டது.

கோடு படிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே அருகிவிட்டார்கள். எல்லாவற்றையும் மெஷின் படிக்கிற காலத்தில் எந்தப் பிள்ளை கட்டம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்? செண்பகவல்லிக்குப் பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு வருஷ அனுபவம். திருநெல்வேலி வண்ணார்பேட்டை ஆபீசில் மேஜை போட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, 'காரண எழுத்தர்' என்று பேட்ஜும் குத்திவிட்டார்கள். மெஷின் சிவப்பென்று முடிவு செய்த கோடு அவள் திரைக்கு வரும். பதினைந்து சொல்லுக்குள் ஒரு காரணம் எழுத வேண்டும். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதலாமா? எழுதலாம். அது அடுத்த மேஜைக்குப் போகும், அங்கே ஒருத்தர் எழுதுவார். மாதத்தில் மூன்று தடவை அப்படி எழுதினால் நான்காவது தடவை எழுத மேஜை இருக்காது.

செண்பகவல்லிக்கு ஒரு கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். பதினெட்டு வருஷத்தில் தன் கண்ணுக்குத் தப்பிய கோளாறு ஒன்றுகூட இல்லை என்பது அவளுடைய திடமான எண்ணம். ஆக, அவள் கண்ணுக்குத் தெரியாத வியாதி வியாதியே இல்லை. மெஷின் சும்மா போகிறவன் வருகிறவன் வயிற்றிலெல்லாம் அடிக்கிறது. இதற்குத் தன்னால் முடிந்தது என்ன என்று யோசித்தாள். யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தாள். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவள் தன் நாத்தனார் பிரமாச்சிக்குக் கோடு படிக்கச் சொல்லிக்கொடுத்த கதையைக் கேட்க வேண்டும்.

செண்பகவல்லியின் புருஷன் போய்ச்சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவன் விட்டுப்போனதில் உருப்படியானது இந்தத் தங்கச்சி ஒருத்திதான். நாற்பத்தொரு வயது. குட்டையான, திரட்சியான உடம்பு. டிரைவர் சீட்டில் தலையணை போட்டுத்தான் உட்காருவாள். ஆனால் திருநெல்வேலி – பாபநாசம் தடத்தில் அவள் பஸ் வந்தால் ஜனங்கள் முந்தின பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்கள். கட்டினவன் இன்னொருத்தியோடு போனபோதுகூட மறுநாள் காலை ஆறு பத்துக்கு டூட்டிக்குப் போனவள். ஒரே மகள் உலகம்மை, பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரமாச்சி தன்னுடைய பச்சைச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மதினி, ஆறு மாசத்துக்கு ஒருக்க இதக் குடுக்காக. சீலு மட்டுந்தான் எனக்குத் தெரியுது. மேல இருக்க கிறுக்கல் என்னன்னு சொல்லித்தாங்க. எம்மேல எழுதுனத நானே படிக்கத் தெரியாம இருந்தா நல்லாவா இருக்கு?"

"உக்காரு. மொதல்ல கட்டத்தப் பாரு. ஒரு பெரிய கட்டம்னா ஒரு விநாடியில அஞ்சுல ஒரு பங்கு. இந்தக் கூர்முனைக்கும் அடுத்த கூர்முனைக்கும் நடுவுல எத்தனை பெரிய கட்டம்?"

"நாலு."

"முந்நூற நாலால வகு."

"எழுபத்தஞ்சு."

"அதான் நிமிஷத்துக்கு ஒன் துடிப்பு. இனி எல்லா முனைக்கும் நடுவுல அதே நாலுதானா பாரு. ஒண்ணு கிட்ட, ஒண்ணு எட்டன்னு இருந்தா தாளம் தப்புதுன்னு அர்த்தம்."

பிரமாச்சி வாரியலில் இருந்து ஓர் ஈர்க்கை உருவி, நாலு கட்ட அளவுக்கு ஒடித்து, கோட்டின் மேல் வைத்து வைத்து அளந்தாள். ஒவ்வொன்றும் சரியாக வந்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"இப்பம் ஒவ்வொரு முனைக்கும் முன்னால சின்னதா ஒரு மேடு இருக்கா? அது மேல் அறை சுருங்குதது. அது சுருங்கின பெறவுதான் கீழ் அறை சுருங்கணும். அந்தக் கூர்முனை கீழ் அறை. கடைசியில உருண்டையா ஒரு மேடு வருதுல்லா, அது இளைப்பாறுதது."

பிரமாச்சி ஈர்க்கு நுனியால் மேட்டையும் முனையையும் தொட்டுப் பார்த்தாள். "அப்பம் சின்ன மேடு கண்டக்டர் விசிலு. கூர்முனை நான் வண்டிய எடுக்குதது. சரியா?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ நர்சிங் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஒருத்திகூட இத்தனை சுருக்காகப் பிடித்ததில்லை. "சரிதான். விசிலுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு பெரிய கட்டத்துக்கு மேல போகக் கூடாது."

"விசில் அடிச்சும் வண்டி நகராட்டா?"

"அதுக்குத்தான் நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வைக்கிறது."

"விசிலே இல்லாம வண்டி எடுத்தா?"

"அது உன்ன மாதிரி திமிர் பிடிச்ச இதயம்."

பிரமாச்சி தாளை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினாள். "ஒரே இதயத்துக்கு எதுக்கு மதினி பன்னெண்டு படம்?"

"ஒன் பஸ்ஸ முன்னால நின்னு பாத்தா ஒரு மாதிரி, பக்கத்துல நின்னு பாத்தா ஒரு மாதிரி இருக்கும்லா? அது மாதிரி பன்னெண்டு எடத்துல இருந்து பாக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் லீடுன்னு பேரு."

"இந்த மூணாம் லீடுல மட்டும் கூர்முனைக்கு முன்னால கீழ இறங்கி ஒரு பள்ளம் இருக்கே. ரோட்டுல கெடக்கிற மாதிரி."

"அது ஒண்ணுமில்ல. குட்டையா, கொஞ்சம் பூசினாப்புல இருக்கவங்களுக்கு இதயம் படுத்தாப்புல இருக்கும். அந்தக் கோணத்துல பாத்தா பள்ளமாத் தெரியும். மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சா காணாமப் போயிரும். உண்மையான கோளாறுன்னா மூச்சுக்கெல்லாம் மறையாது."

"பூசினாப்புலயா? குண்டுன்னே சொல்லிருங்க" என்றாள் பிரமாச்சி.

செண்பகவல்லி கண்டுபிடித்த வழி இந்தப் பள்ளம்தான். சிவப்பு விழுந்தவர்களுக்கு ஒரு அப்பீல் உண்டு. எழுத்தர் எழுதிய காரணத்தை ஒரு டாக்டர் நேரில் சோதித்து, அது பொய்யென்று கண்டால் பச்சை போட்டுத் திருப்பி அனுப்பலாம். மற்ற எழுத்தர்கள் 'கீழ் அறைச் சுவர் தடிப்பு', 'ரத்த ஓட்டக் குறைவு' என்று வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அதைப் பொய்யென்று நிரூபிக்க ஸ்கேன், ஆஞ்சியோ என்று ஒருத்தன் நாய்ப்பாடு பட வேண்டும். பலபேருக்குச் சம்பந்தம் பேசி முடித்த கல்யாணம்கூட அந்த ஒரு வரியால் நின்றுபோனது. செண்பகவல்லி மட்டும் எல்லோருக்கும் 'மூன்றாம் லீடில் பள்ளம்' என்று எழுதினாள். பள்ளம் இல்லாதவர்களுக்கு 'ஐயத்துக்குரிய' என்று முன்னால் ஒரு சொல். டாக்டர் மூச்சை இழுக்கச் சொல்வார், பள்ளம் மறையும், ஆள் வேலைக்குத் திரும்பிவிடுவான். இரண்டு நிமிஷக் காரியம்.

ஐந்து வருஷத்தில் நாலாயிரம் பேருக்கு அப்படி எழுதினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்பீலில் ஜெயித்தவர்களின் பட்டியல் மாதாமாதம் வரும்போது டீயைக் குடித்துக்கொண்டே மேலிருந்து கீழே படிப்பாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்ததுபோல இருக்கும் அவளுக்கு.

போன தை மாதம் ஆபீசில் கேக் வெட்டினார்கள். கிளைத் தலைவர் ஞானதிரவியம் நல்ல மனுஷர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் செண்பகவல்லியை அவர் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவளை முன்னால் நிறுத்தி ஒரு சால்வையும் போர்த்தினார்.

"இனிமே மெஷினே காரணம் சொல்லிடும், சிஸ்டர். நீங்க அஞ்சு வருஷமா எழுதினதையெல்லாம் அதுக்குப் படிக்கக் கொடுத்தோம். சொல்லத் தெரிஞ்ச காரணம் இருந்தா மட்டும்தான் இனி சிவப்பு. கோர்ட்டுக்கும் திருப்தி. இதுல பெரிய பங்கு உங்களோடது."

"என்ன காரணம் சார் சொல்லுது?" என்று கேட்டாள். கேக் கையிலேயே இருந்தது.

"நிறைய இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் மேல நிக்கிறது உங்க காரணம்தான். மூணாம் லீடில் பள்ளம்."

"அது ஒண்ணுமில்லாத விஷயம் சார். பாடப் புத்தகத்துலயே இருக்கு."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. கணக்கு வேற சொல்லுது." அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "பள்ளம்னு நீங்க எழுதி, அப்பீல்ல மூச்சை இழுக்கச் சொல்லி, ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பினவங்க ஆயிரத்து எண்ணூறு பேர். அதுல நூத்திப்பன்னெண்டு பேர் ரெண்டு வருஷத்துக்குள்ள இறந்துட்டாங்க. பெரும்பாலும் வேலை பார்க்கிற இடத்திலேயே. சாதாரணமா அந்த வயசுல ஏழெட்டுப் பேர் போயிருப்பாங்க. அப்போ அந்தப் பள்ளம் எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்க. மூச்சிழுத்தா மறையுது, அதனாலதான் இத்தனை நாளா எல்லாரும் ஏமாந்திருக்காங்க. இனிமே அந்தச் சோதனையே கிடையாது. இதுக்கு அப்பீலும் கிடையாது."

செண்பகவல்லி தாளை மறு கையில் வாங்கிப் பார்த்தாள். தாளில் பெயர்கள் இருந்தன. முப்பத்தொன்பது வயது, துறைமுகக் கிரேன், கூண்டில் உட்கார்ந்தபடியே. அந்தக் கோடு அவளுக்கு ஞாபகம் இருந்தது. அத்தனை அழகான கோடு. கூர்முனை ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல ஒரே இடைவெளி. இவனுக்குப் போய்ச் சிவப்பா என்று மெஷினை மனசுக்குள் வைதுகொண்டே பள்ளம் என்று எழுதினாள். மெஷின் எதையோ பார்த்திருக்கிறது. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத ஒன்றை இல்லை என்று நினைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, போ ராசா போ என்று சாகக் கொடுத்திருக்கிறாள். அவன் செத்த பழியை ஒரு பாவமும் அறியாத பள்ளம் சுமந்துகொண்டு நிற்கிறது.

இன்னொன்றும் மெதுவாக உறைத்தது. காரணம் சொல்ல முடிந்தால்தான் சிவப்பு என்றால், அந்தக் கிரேன்காரனைப் போல அழகான கோடு உள்ளவர்கள் எல்லோருக்கும் இனிப் பச்சைதான். நிஜமாகச் சாகப்போகிறவன் கிரேனில் ஏறுவான். பள்ளம் உள்ளவன் வீட்டில் உட்காருவான். கேக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு அவள் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

மூன்று வாரம் கழித்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிரமாச்சி டிப்போவில் இருந்து போன் செய்தாள். அழவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"மதினி, செவப்பு போட்டுட்டாக. சாவிய வாங்கிக்கிட்டாக. பள்ளமாம். நீங்க அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது."

"ஒண்ணுமில்லதாம்ட்டி. நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வழி. பிரமாச்சிக்கு பஸ் வெறும் சம்பளம் மட்டுமில்லை. புருஷன் போன பிறகு ஊர் அவளை ஏறிட்டுப் பார்த்தது அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்ததனால்தான். உண்மையைச் சொன்னால் தனக்கு ஜெயில்கூட வரலாம் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். நூற்றுப்பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்து காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். இருந்தாலும் போனாள். அந்த மட்டுக்கும் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஞானதிரவியம் முழுதும் கேட்டார். நடுவில் ஒருதடவை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நாலாயிரமும் பொய்ங்கிறீங்க."

"ஆமா சார். உபகாரம்னு நெனச்சு எழுதினேன். அவங்களுக்கு வேற ஏதோ கோளாறு இருந்திருக்கு. மெஷின் அதைத்தான் பார்த்திருக்கு. நான் பள்ளம்னு எழுதிட்டேன். செத்தது அந்தக் கோளாறால. பள்ளத்தால இல்ல."

"சிஸ்டர், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுக்காதீங்க. பிரமாச்சின்னு ஒரு டிரைவருக்குப் போன வாரம் சிவப்பு விழுந்திருக்கு. உங்க நாத்தனார்தானே?"

அவள் தலையசைத்தாள்.

"குடும்பத்து ஆளுக்கு ஒண்ணுன்னா மனசு கேக்காதுதான். எனக்கும் தங்கச்சி இருக்கா."

"நான் எழுதித் தாரேன் சார். கையெழுத்துப் போட்டு."

"எழுதிக் கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்பறேன்" என்றார் அவர். சொன்னபடியே அனுப்பவும் செய்தார். ஏழாம் நாள் பதில் வந்தது. ஒன்பது நிபுணர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். 'பொய்யாகத் தேர்ந்தெடுத்த ஓர் அடையாளம் சாவோடு இத்தனை நெருக்கமாகப் பொருந்துவதற்கு வாய்ப்பில்லை. நீண்ட அனுபவம் உள்ளவர்கள் தாம் அறியாமலே சரியான அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பது உண்டு. எழுத்தரின் தன்னடக்கத்தைக் குழு பாராட்டுகிறது.' கடைசிப் பத்தியில் இன்னொரு செய்தி இருந்தது. அந்த அடையாளத்துக்கு இனி 'செண்பகவல்லிப் பள்ளம்' என்று பெயர்.

அவள் அதோடு விடவில்லை. அப்பீல்களைச் சோதித்த டாக்டர் சங்கரபாண்டியனைப் போய்ப் பார்த்தாள். மூச்சிழுக்கச் சொல்லி நூற்றுக்கணக்கான பேருக்குப் பச்சை போட்டவர் அவர். அவருக்குத் தெரியாதா பள்ளம் என்ன லட்சணம் என்று?

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா" என்றார் அவர். பத்து வயது கூடினவர்போல இருந்தார். "நான் பச்சை போட்ட பையன் ஒருத்தன், கல்யாணமாகி நாலு மாசம், பாய்லர் ரூம்ல விழுந்து கெடந்தான். அவன் பொண்டாட்டி என் கிளினிக் வாசல்ல வந்து உக்காந்துட்டா. ஒரு வார்த்த பேசல. சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இனிமே ஒருத்தனையும் மூச்சை இழுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. என்னை விட்டிருங்க."

வேறு போக்கு இல்லாமல், தன்னிடம் இருந்த பழைய ஈசிஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு செண்பகவல்லி பிரமாச்சி வீடு இருக்கிற விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் ஏறினாள். கம்பெனி நம்பாவிட்டால் போகட்டும். பிரமாச்சிக்குத் தன் கோட்டைத் தானே படிக்கத் தெரியும். அவளிடம் உண்மையைச் சொல்லி, கண்முன்னால் எடுத்துக் காட்டி, வேறு ஏதாவது ஒரு வேலையாவது தைரியமாகப் பார் என்று சொல்லிவிட்டு வரலாம்.

கதவைத் திறந்தது உலகம்மை. ஹாஸ்டலில் இருக்க வேண்டியவள் கையில் கரண்டியோடு நின்றாள்.

"நீ என்ன இங்க?"

"படிப்ப விட்டு நின்னுட்டேன் அத்தை. அம்மா தனியா இருக்கக் கூடாதுல்லா."

பிரமாச்சி கட்டிலில் படுத்திருந்தாள். மலைப்பாதை வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்பினவள், செண்பகவல்லியைப் பார்த்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, பாதி மட்டும் எழுந்தாள். மூன்று வாரத்தில் அத்தனை சதையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தை எடுப்பதில்லை, படி ஏறுவதில்லை, தூங்குவதும் இல்லையாம். தூக்கத்தில் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். தலைமாட்டில் கம்பெனி புதிதாக அனுப்பிய துண்டுத்தாள் ஒன்று இருந்தது. செண்பகவல்லிப் பள்ளம் உள்ளவர்கள் செய்யக் கூடாதவை.

செண்பகவல்லி பெட்டியைத் திறந்து வயர்களை ஒட்டினாள். கோடு வந்தது. எழுபத்தைந்துக்குப் பதில் தொண்ணூற்றாறு, பயத்தில் ஓடுகிற துடிப்பு. மற்றபடி விசிலும் வண்டியும் அததன் இடத்தில் இருந்தன. மூன்றாம் லீடில் அந்தப் பாழாய்ப்போன பள்ளமும் இருந்தது.

"இப்பம் மூச்ச நல்லா இழுத்துப் பிடி. பாரு, போயிரும்."

"மாட்டேன் மதினி."

"இழுட்டி."

"ஆழமா மூச்சு இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்களே படிச்சுப் பாருங்க." தாளை எடுத்து நீட்டினாள். மூன்றாவது வரியாக இருந்தது அது. அப்போதுதான் செண்பகவல்லி கவனித்தாள், தான் வந்ததில் இருந்தே பிரமாச்சி பூனைக்குட்டிபோல மேலோட்டமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளம் என்று பொய்யாக எழுதியது, ஏன் எழுதினாள், யார் யார் செத்தார்கள், கம்பெனி என்ன பதில் போட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரமாச்சி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையை நீட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதீங்க மதினி. எனக்காவ நீங்க எவ்வளவு பெரிய பழிய ஏத்துக்கிடுதீங்க."

"பழி இல்லட்டி, நெசம்."

"நீங்க பொய் எழுதுவீகளா? அண்ணன் இருக்கும்போது சொல்லுவான், ஒன் மதினி ஒரு சின்னக் கட்டத்தக்கூட விடமாட்டான்னு. அன்னைக்கு என் பேப்பரப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எம்மூஞ்சிக்கு நேர சொல்ல மனசு வரல. இப்பவும் வரல."

"ஒனக்கு ஒரு வியாதியும் இல்ல. என் பேச்சக் கேளு."

"கேக்கேன். ஆனா உங்க பேரு போட்டுல்லா வந்திருக்கு. இந்தத் தாளுல ஒன்பது டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காக. உங்க பேரு போட்ட வியாதிய நீங்களே இல்லன்னா, நான் யார நம்புதது?" அவள் சிரிக்கக்கூடப் பார்த்தாள். "ஊருல எல்லாவளுக்கும் பேரில்லாத நோவு வருது. எனக்கு வந்தது சொந்தக்காரி கண்டுபிடிச்சது. அதுவும் ஒரு பெருமதான்."

செண்பகவல்லி வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கம்பெனி நம்பாதபோது கோபம் வந்தது. இவள் நம்பாதபோது கோபப்படவும் முடியவில்லை. யாராவது ஓர் அந்நியன் வந்து இதே உண்மையைச் சொல்லியிருந்தால் பிரமாச்சி நம்பியிருப்பாள். சொன்னவள் பிரியமுள்ளவளாகப் போய்விட்டதுதான் வினை. அடுப்படியில் உலகம்மை ரசத்துக்குத் தாளித்த வாசனை வந்தது. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டிருக்கும், ஆனால் எட்டிப் பார்க்கவில்லை.

"மதினி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றாள் பிரமாச்சி, குரலைத் தணித்து. "சுத்தி வளைக்காம சொல்லணும். எனக்குப் பெறவு உலகுவ நீங்க கூட்டிட்டுப் போயிருவீகளா? மறுபடி படிக்க அனுப்புவீகளா?"

"ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

"அதக் கேக்கல. கூட்டிட்டுப் போவீகளா மாட்டீகளா?"

செண்பகவல்லி அந்த முகத்தைப் பார்த்தாள். இன்னும் முப்பது வருஷம் இருக்க வேண்டிய முகம். உண்மையைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வறண்டு போயிருந்தது, அதனால் ஒருத்தருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தப் பொம்பளைக்குத் தன்னால் தர முடிந்தது இனி ஒன்றே ஒன்றுதான்.

"கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

பிரமாச்சி அவள் கையை விட்டுவிட்டு, தலையணையைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்று வாரமாகக் கண்மூடாதவள் அன்றைக்கு மத்தியானம் நாலு மணிவரை அசந்து தூங்கினாள்.